கெரட்டோகோனஸ்: கூம்பும் கண்ணை நிறுத்துவது ஒரு வேலை, பார்வையைத் திருத்துவது இன்னொரு வேலை

கெரட்டோகோனஸ், அதாவது கண்ணின் முன்படலம் மெலிந்து கூம்பும் நோய், என்று வைத்தியர் கிளினிக் கொப்பியில் எழுதிவிட்டார் என்றால், உங்களுக்கு முன்னால் இரண்டு வேலைகள் இருக்கின்றன. கண் மேலும் கூம்பாமல் நிறுத்துவது ஒன்று. ஏற்கெனவே கூம்பிய கண்ணுக்குத் தெளிவான பார்வை எடுத்துக் கொடுப்பது மற்றது. இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. கொழும்புக்குப் போய்க் கூம்புவதை நிறுத்தும் கதிர்ச் சிகிச்சை செய்துவிட்டு வந்தும் எழுத்து தெரியவில்லையே என்று மனம் உடைபவர்களும், நல்ல லென்ஸ் கிடைத்ததும் நோய் மாறிவிட்டது என்று ஸ்கேனை விட்டுவிடுபவர்களும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். எந்தச் சிகிச்சையைப் பற்றிக் கேட்டாலும், இது நிறுத்துவதற்கா, பார்வைக்கா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கருமணிக்கு முன்னால் இருக்கும் ஒளிபுகும் படலம்தான் கோர்னியா. பள்ளிக்கூடப் புத்தகத்தில் விழிவெண்படலம் என்று படித்தது. குறுக்களவு 11 முதல் 12 மில்லிமீற்றர். நடுவில் தடிப்பு ஏறத்தாழ 540 மைக்ரோன், அதாவது அரை மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூட. அந்தத் தடிப்பில் பத்தில் ஒன்பது பங்கு கொலாஜன் நார்ப் படைகள். கெரட்டோகோனஸில் இந்த நார்களுக்கு இடையிலான பிடிப்புத் தளர்கிறது. இழை தளர்ந்த பன்பாய் ஓரிடத்தில் தொய்வதைப்போல, கண்ணுக்குள் இருக்கும் சாதாரண அழுத்தத்துக்கே கோர்னியா மெலிந்து முன்னால் தள்ளுகிறது. பெரும்பாலும் நடுவில் அல்ல, நடுவுக்குச் சற்றுக் கீழே. கண்ணழுத்த நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு மருந்து விட்டுக் கூம்பை இறக்க முடியாது.

பூப்பெய்தும் வயதை ஒட்டித் தொடங்கி, முப்பதுகளின் நடுப்பகுதிவரை கூடி, நாற்பதை நெருங்கும்போது பெரும்பாலும் தானாக ஓய்கிறது. இரண்டு கண்ணிலும் வரும், ஒன்று முந்திக்கொள்ளும். எவ்வளவு இளவயதில் தொடங்குகிறதோ அவ்வளவு வேகம். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கண்ணும் முப்பத்தைந்து வயதுக்காரரின் கண்ணும் ஒரே நோயைத்தான் கொண்டிருக்கும்; அவசரம் ஒன்றல்ல.

எப்போது சந்தேகப்பட வேண்டும்

கண்ணாடிக்கு எழுதித் தந்த துண்டுகளை எறியாமல் வைத்திருப்பது இங்கே உதவும். அதில் சிலிண்டர் என்று எழுதிய எண்ணைப் பாருங்கள். ஒரு வருடத்துக்குள் அது 1 டயொப்டருக்கு (கண்ணாடிப் பவரை அளக்கும் அலகு) மேல் கூடியிருந்தால், அல்லது பக்கத்தில் இருக்கும் அக்சிஸ் பாகை ஒவ்வொரு தடவையும் இடம் மாறினால், கண்ணாடிக் கடையோடு நிறுத்தக்கூடாது. புதுக் கண்ணாடி போட்டும் ஒரு கண் 6/6 வரிக்கு (சாதாரணக் கண் வாசிக்கும் வரி) வரவில்லை, காரணமும் சொல்லப்படவில்லை என்றாலும் அப்படித்தான்.

இரவில்தான் நோய் தன்னைக் காட்டும். மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் போகும்போது ஒவ்வொரு மின்விளக்கும் கீழ்நோக்கி வால் விட்டுத் தெரியும். எதிரே வரும் மோட்டார் சைக்கிளின் ஒரு விளக்கு மூன்றாய் நாலாய்ப் பிரியும். வீட்டில் சோதிக்க, ஃபோனில் கறுப்புத் திரையில் சின்ன வெள்ளைப் புள்ளி ஒன்றை வைத்து, அறையை இருட்டாக்கி, ஒரு கையெட்டுத் தூரத்தில், ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மற்றக் கண். ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போதே புள்ளிக்கு நிழல்கள் இருந்தால் அது கண்ணின் ஒளியியல் கோளாறு. அடுத்ததாக ஒரு தடித்த அட்டையில் ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் துளை போட்டு, அதன் வழியாகச் சுவர்க் கலண்டரைப் பாருங்கள். கண்ணாடியோடு மங்கலாக இருந்தது துளை வழியாகத் தெளிந்தால், பின்னாலுள்ள விழித்திரையைவிட முன்னாலுள்ள கோர்னியா அல்லது வில்லையில்தான் பிழை இருக்க வாய்ப்பு. இது நோயை முடிவுகட்டும் சோதனையல்ல, ஸ்கேனுக்குப் போவதற்கான காரணம் மட்டும்.

பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பலகையை வைத்துச் செய்யும் பரிசோதனையில் தொடக்க நிலை தப்பிவிடும். பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு கீழ் வரியையும் வாசித்துவிடும். சுருக்கிய இமையே துளை அட்டையின் வேலையைச் செய்கிறது.

கசக்குவதை நிறுத்துவதுதான் முதல் மருந்து

பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு; நெருங்கிய உறவுக்குள் மணம் செய்த பெற்றோரின் பிள்ளைகளில் கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளிலும், ஆஸ்துமா, தோல் அரிப்பு, கண் அலர்ஜி உள்ளவர்களிலும் அதிகம். இவை நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது ஒன்றுதான்: கண் கசக்குவது. விரல் முட்டியால், உள்ளங்கை அடியால் அழுத்தித் தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் மெலிந்த இடம் இன்னும் நெகிழ்கிறது. கதிர்ச் சிகிச்சை செய்த பிறகும் கசக்குகிறவர்களின் கண் மீண்டும் கூம்புகிறது. சிகிச்சை பலிக்காமல் போவதற்கு மறைவான காரணம் பெரும்பாலும் இதுதான்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இதற்குப் பருவமும் உண்டு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காற்று காய்ந்து புழுதி ஏறும். பெரும்போக, சிறுபோக வெள்ளாமை வெட்டின்போது நெல்தூசி. இந்தக் காலங்கள் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு கிழமைக்கு முன்பே அலர்ஜிச் சொட்டு மருந்தைத் தொடங்கலாமா என்று வைத்தியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒலோபட்டடின், கீட்டோட்டிஃபென் போன்றவை அரிப்பை அடக்குவதைவிட, வராமல் தடுப்பதில் கெட்டி. அரிப்பு வந்துவிட்டால்: கைகளைக் கட்டிக்கொண்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்த, பாதுகாப்பு இரசாயனம் சேராத செயற்கைக் கண்ணீரை இரண்டு சொட்டு விடுங்கள், பிறகு சுத்தமான துணியைக் குளிர்நீரில் நனைத்துப் பிழிந்து மூடிய இமைமேல் 5 நிமிடம், அழுத்தாமல் வையுங்கள். வயலுக்குப் போகிறவர்கள் பக்கம் மூடிய கண்ணாடி போடுவதும், மோட்டார் சைக்கிளில் தலைக்கவசத்தின் முன்கண்ணாடியை இறக்கி விடுவதும் மருந்துக்குச் சமம். குப்புறப் படுத்து, கண்ணைத் தலையணையில் அழுத்தித் தூங்கும் பழக்கமும் மாற வேண்டும்.

பாமசியில் கேட்டதும் தரும் ஸ்டீரொயிட் சொட்டு மருந்து அரிப்பை ஒரே நாளில் நிறுத்தும். அந்தச் சுகத்துக்காக மாதக்கணக்கில் விட்டால் கண்ணழுத்தமும் கற்றரக்டும் வந்து சேரும். பிள்ளைக்கு அதை நீங்களாக வாங்கி விடாதீர்கள். நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால் விடுவதும் வேண்டாம். கூம்பை அவை ஒன்றும் செய்யா, கிருமியைக் கொண்டுவரலாம்.

ஸ்கேனுக்குப் போவதும் அதை வாசிப்பதும்

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் கண் பிரிவுக்கோ, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறைப் பக்கத்தவர்கள் கிட்டிய அரச வைத்தியசாலைக்கோ போய்ப் பதிவு வைத்துக்கொள்வது நல்லது. பிறகு தனியாரிடம் ஸ்கேன் எடுத்தாலும், கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டி வந்தாலும் துண்டு அங்கிருந்துதான் எழுதப்படும். புறப்படுவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, கோர்னியா ஸ்கேன் மெசின் அந்த நாளில் வேலை செய்கிறதா என்று கேளுங்கள். இரவு முழுக்க ரெயிலில் இருந்து போய்த் திரும்புவது சின்னச் செலவல்ல.

லென்ஸ் போடுகிறவர் லென்ஸைக் கழற்றி வைத்த பிறகுதான் ஸ்கேன் சரியாக வரும்: சொஃப்ட் லென்ஸ் என்றால் குறைந்தது 1 கிழமை, ஹார்ட் லென்ஸ் என்றால் 2 முதல் 4 கிழமை. லென்ஸ் கோர்னியாவை அமுக்கி வடிவத்தை மறைக்கிறது. காலையில் கழற்றிவிட்டு மதியம் எடுத்த ஸ்கேனை நம்பி எடுக்கும் முடிவு பிழைக்கும். பரிசோதனையில் கருமணியை விரிக்கும் மருந்து விட்டால் சில மணி நேரம் கிட்டப்பார்வை மங்கி, வெளிச்சம் கூசும். திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிள் ஓட்ட இன்னொருவர் வேண்டும்.

பென்டகாம் போன்ற மெசின் தரும் தாளில் நாலு வண்ணப் படங்கள் இருக்கும்: முன்புற வளைவு, முன்புற உயரம், பின்புற உயரம், தடிப்பு. சிவப்பைக் கண்டு பயப்பட வேண்டாம், நீலத்தைக் கண்டு நிம்மதியடையவும் வேண்டாம். வண்ண அளவுகோல் மெசினுக்கு மெசின் மாறும். எண்ணைப் பாருங்கள். கே1, கே2 என்பவை நடுப்பகுதியின் தட்டையான, செங்குத்தான வளைவுகள். சாதாரணக் கண்ணில் பெரும்பாலும் 42 முதல் 44 டயொப்டரைச் சுற்றி நிற்கும். 47ஐத் தாண்டினால் கவனம். சராசரி 48க்குள் என்றால் தொடக்க நிலை, 53ஐத் தாண்டினால் முற்றிய நிலை என்று பொதுவாகப் பிரிப்பார்கள். கே மெக்ஸ் என்பது கூம்பின் மிகச் செங்குத்தான ஒரு புள்ளி. மெல்லிய இடத்தின் தடிப்பு மைக்ரோனில் இருக்கும். முதலில் மாறத் தொடங்குவது பின்புற உயரம். அதனால் முன்புறம் சரியாகத் தெரியும்போதே வைத்தியர் சந்தேகம் என்று எழுதலாம். தாளின் ஓரத்தில் படத்தின் தரம் பற்றிய குறிப்பும் இருக்கும். தரம் குறைவு என்று காட்டினால் இமைத்துவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு ஸ்கேன் நோயைச் சொல்லும். இரண்டு ஸ்கேன்தான் வேகத்தைச் சொல்லும். 12 மாதத்துக்குள் கே மெக்ஸ் 1 டயொப்டர் அல்லது அதற்கு மேல் ஏறினால், கூடவே தடிப்பும் குறைந்தால், நோய் நகர்கிறது என்று எடுப்பது வழக்கம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. முற்றிய கூம்பில் ஒரே நாளில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களுக்கு இடையிலேயே 1 டயொப்டர் வித்தியாசம் வரக்கூடும். ஆகவே ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று படம், அதே வகை மெசின், அதே நேர இடைவெளி. தாளின் மூலப் பிரதியை வீட்டில் வைத்துக்கொண்டு ஃபோனிலும் படம் பிடித்து வையுங்கள். கிளினிக் கொப்பி தொலைந்தால் இரண்டு வருடத்துக் கணக்கும் தொலைந்துவிடும். 18 வயதுக்குக் கீழ் 3 மாதத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் முப்பதுவரை 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு நிலையாக இருந்தால் வருடம் ஒருமுறை என்பது நடைமுறைக்கு ஏற்ற ஒழுங்கு.

பிள்ளைகளில் மட்டும் நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. நோய் உறுதியானதும் நிறுத்தும் சிகிச்சையைப் பேசலாம். காத்திருக்கும் ஆறு மாதத்தில் போகும் பார்வை திரும்பி வராது.

நிறுத்தும் சிகிச்சை: குரொஸ்லிங்கிங்

ஜேர்மனியின் ட்ரெஸ்டனில் உருவாகி, மனிதரில் செய்த முதல் முடிவுகள் 2003இல் வெளிவந்த முறை இது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016இல் அனுமதித்தது. ரைபோஃப்ளேவின் எனும் பி2 விற்றமினைக் கோர்னியாவுக்குள் ஊறவிட்டு, புறஊதாக் கதிரைப் பாய்ச்சினால், நார்களுக்கு இடையே புதிய இணைப்புகள் விழுந்து கோர்னியா விறைப்படைகிறது. லேசர் அல்ல. வெட்டுவதும் இல்லை.

மூல முறையில் நடப்பது இது. மரக்கச் சொட்டு மருந்து விட்டு, கோர்னியாவின் மேல்தோலை 8 முதல் 9 மில்லிமீற்றர் வட்டத்துக்குச் சுரண்டி எடுப்பார்கள். 0.1 வீத ரைபோஃப்ளேவினைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை, 30 நிமிடத்துக்குச் சொட்டுவார்கள். பிறகு சதுர சென்ரிமீற்றருக்கு 3 மில்லிவாற் வலுவில் 30 நிமிடம் கதிர், மொத்தம் 5.4 ஜூல். வேகமான முறையில் 9 மில்லிவாற்றை 10 நிமிடம் கொடுப்பார்கள். மொத்தச் சக்தி அதுவே. கதிர் உள்ளே போய்க் கோர்னியாவின் பின்புற உயிரணுக்களைச் சுடாமல் இருக்க, மேல்தோல் நீக்கிய பிறகும் 400 மைக்ரோன் தடிப்பு மிஞ்ச வேண்டும். அதற்குக் குறைந்தால் கோர்னியாவை வீங்கச் செய்யும் நீர்த்த ரைபோஃப்ளேவின், அல்லது தடிப்புக்கு ஏற்பக் கதிர் நேரத்தைக் குறைக்கும் முறை என்று வழிகள் உண்டு. ஆகவே மெலிந்துவிட்டது, இனி முடியாது என்று ஒருவர் சொன்னால், இன்னொரு கோர்னியா நிபுணரிடமும் கேளுங்கள். மேல்தோலை எடுக்காமல் செய்யும் முறையில் நோவு குறைவு. மருந்தும் ஒக்சிஜனும் உள்ளே போவது குறைவதால் பிடிப்பும் குறைவாக இருக்கலாம். வளரும் பிள்ளைக்கு நோவைப் பார்த்து அதைத் தெரிவு செய்வது நல்ல பேரம் அல்ல.

கண்ணில் முன்பு ஹெர்பீஸ் வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கதிர் அதை மறுபடி எழுப்பலாம். கர்ப்பமாக இருந்தால் பிறகு பார்ப்பார்கள். கண் அலர்ஜி கொதித்துக்கொண்டிருந்தால் அதை அடக்கிய பிறகுதான் நாள் குறிக்க வேண்டும்.

செய்த நாள் இரவிலிருந்து 2 முதல் 4 நாள்வரை நோவு, கண்ணீர், கூச்சம் நன்றாகவே இருக்கும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயம் இல்லை. கண்ணில் கட்டுப்போல ஒரு சொஃப்ட் லென்ஸ் வைத்திருப்பார்கள். மேல்தோல் மூடியதும், பெரும்பாலும் 3 முதல் 7 நாளில், எடுப்பார்கள். அது தானாக விழுந்துவிட்டால் கழுவித் திருப்பி வைக்காதீர்கள், வைத்தியருக்கு அறிவியுங்கள். கொழும்பில் செய்தால் அடுத்த நாள் பரிசோதனையும் இந்த லென்ஸ் எடுப்பதும் இருப்பதால், ஒரு கிழமைக்குத் தங்க இடம் பாருங்கள். அன்றிரவே பஸ் ஏறி, யன்னல் காற்றில் மட்டக்களப்புக்கு வருவது கிருமிக்குக் கதவு திறப்பது. தங்க வழியே இல்லை என்றால், லென்ஸை இங்குள்ள கண் பிரிவில் எடுக்கும்படி கடிதம் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

மேல்தோல் மூடும்வரை கண்ணில் கிணற்று நீரோ குழாய் நீரோ படக்கூடாது. தலையைப் பின்னால் சாய்த்து இன்னொருவர் தலைக்கு வார்க்கலாம். வாவி, கடல், குளம் ஒரு மாதத்துக்கு இல்லை. அடுப்புப் புகையும் வயல் புழுதியும் இரண்டு கிழமைக்காவது இல்லை. அன்ரிபயோட்டிக் சொட்டும் ஸ்டீரொயிட் சொட்டும் எழுதிக் கொடுத்த ஒழுங்கிலேயே. இரண்டு சொட்டுக்கு இடையே 5 நிமிடம். ஸ்டீரொயிட்டை நேரத்தோடு நிறுத்தினால் மங்கல் கூடும், அளவுக்கு மேல் நீட்டினால் அழுத்தம் ஏறும். மூன்றாம் நாளுக்குப் பிறகு நோவு இறங்காமல் ஏறினால், கோர்னியாவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், பீளை தள்ளினால் அன்றைக்கே வைத்தியசாலை.

முதல் 1 முதல் 3 மாதத்தில் பார்வை முன்னையதைவிட மோசமாகும். மெல்லிய பனி போன்ற மங்கல் வந்து, 6 முதல் 12 மாதத்தில் பெரும்பாலும் தெளியும். ஸ்கேனிலும் கே மெக்ஸ் முதலில் ஏறிப் பிறகு இறங்கும். ஒரு வருடத்தில் சராசரியாக 1 முதல் 2 டயொப்டர் இறக்கம் வரலாம், வராமல் அப்படியே நின்றாலும் அது வெற்றிதான். புதுக் கண்ணாடிக்கு 6 மாதம் பொறுங்கள். ஹார்ட் லென்ஸ் திரும்பப் போட ஒன்று இரண்டு மாதத்தில் வைத்தியர் சொல்வார். சிலரில் நோய் திரும்பவும் நகரும். ஆகவே ஸ்கேன் நிற்காது.

பார்வைக்கு: கண்ணாடி முதல் ஸ்க்லரல் லென்ஸ் வரை

கண்ணாடி ஒழுங்கான வளைவை மட்டுமே திருத்தும். தொடக்கத்தில் அது போதும். 6/9 வரை வந்து, நிழல் தொந்தரவும் இல்லை என்றால் லென்ஸுக்கு ஓடத் தேவையில்லை. சொஃப்ட் லென்ஸ் கூம்பின் மேலேயே படிந்து கூம்பின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். ஹார்ட் லென்ஸ் அப்படியல்ல. விறைப்பான லென்ஸுக்கும் கோர்னியாவுக்கும் இடையில் கண்ணீர் நிரம்பி, மேடு பள்ளத்தை நிரவிவிடும். கண்ணாடியோடு 6/36இல் நின்றவர் லென்ஸோடு 6/9 வாசிப்பது அதனால்தான். ஆனால் எந்த லென்ஸும் நோயை நிறுத்தாது.

9 முதல் 10 மில்லிமீற்றர் அளவுள்ள சின்ன ஹார்ட் லென்ஸ் மலிவு, சுத்தம் செய்வது சுலபம். முதல் நாள் 2 முதல் 4 மணி நேரம், பிறகு நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கூட்டிக்கொண்டு போனால் ஒரு மாதத்துக்குள் பழகும். கச்சான் காற்றில் அதன் கீழே ஒரு தூசி புகுந்தால் வீதியோரத்தில் நிறுத்திக் கண்ணீர் விட வேண்டியதுதான். கூம்பின் நுனியில் லென்ஸ் உரசிக்கொண்டே இருந்தால் அங்கே தழும்பும் விழும். நாள் முழுக்க வெளியில் நிற்கும் வேலை என்றால், கொஞ்சம் பொறுத்துச் சேர்த்தாவது ஸ்க்லரல் லென்ஸ் எடுப்பது நல்லது. 16 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட அந்தப் பெரிய லென்ஸ் வெள்ளை விழியில் அமர்ந்து, கோர்னியாவைத் தொடாமல் தாண்டி நிற்கும். தூசி புகாது, எளிதில் விழாது. கூடவே வரும் சிரமம் அதைப் போடும் முறை.

சவர்க்காரத்தால் கை கழுவி, நூல் உதிராத துணியில் துடையுங்கள். மேசையில் துணி விரித்து அதன்மேல் முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வையுங்கள். லென்ஸை உறிஞ்சு குமிழில் (லென்ஸைப் பிடிக்கும் சின்ன ரப்பர் உறிஞ்சி) நிறுத்தி, பாதுகாப்பு இரசாயனம் இல்லாத 0.9 வீத சேலைனால் விளிம்பு முட்ட நிரப்புங்கள். முகத்தைத் தரைக்குச் சமாந்தரமாகக் குனியுங்கள். இமைகள் இரண்டையும் மறு கையால் அகலப் பிடித்து, சேலைன் வழியும்வரை லென்ஸை நேராக மேலே கொண்டுபோய்ப் பொருத்தி, கீழ் இமையை முதலில், பிறகு மேல் இமையை விடுங்கள். கண்ணாடியில் பாருங்கள்: உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் கழற்றித் திரும்ப நிரப்ப வேண்டும். குமிழோடு விட்டால் அந்த இடம் காய்ந்து புண்ணாகும். முகம் நிமிர்ந்திருந்ததும் நிரப்பியது குறைந்ததும்தான் குமிழுக்குக் காரணம்.

கழற்றும்போது உறிஞ்சு குமிழை லென்ஸின் நடுவில் ஒருபோதும் வைக்காதீர்கள். நடுவில் வைத்து இழுத்தால் கோர்னியாவையே சேர்த்து இழுக்கும். கீழ் விளிம்புப் பக்கமாக வெள்ளை விழியை விரலால் மெல்ல அழுத்திக் காற்று உள்ளே போக விட்டு, உறிஞ்சு குமிழைக் கீழ் ஓரத்தில் ஒட்டி, வெளிப்பக்கமாகச் சரித்து எடுங்கள். சில மணி நேரத்தில் பார்வை பாலாய் மங்கினால் லென்ஸ் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே அழுக்குச் சேர்ந்திருக்கும். கழற்றி, புது சேலைன் நிரப்பிப் போடலாம். ஒவ்வொரு நாளும் இப்படி நடந்தால் லென்ஸின் பொருத்தத்தைத் திருத்த வேண்டும்.

பாமசியில் 500 மில்லிலீற்றர் சேலைன் போத்தல் வாங்கி, ஊசி குத்தி நாள்கணக்கில் பாவிப்பது ஆபத்து. திறந்த சேலைனில் கிருமி வளரும், அதுவும் இந்தச் சூட்டில். ஒருநாள் பாவனைக்கான சின்னக் குப்பிகளே சரி; மிஞ்சியதை அன்றைக்கே ஊற்றிவிடுங்கள். கிணற்று நீரில் லென்ஸையும் பெட்டியையும் கழுவவே கூடாது. நீரிலிருக்கும் அக்கந்தமீபா எனும் உயிரி கோர்னியாவைத் தின்னத் தொடங்கினால் கெரட்டோகோனஸைவிடப் பெரிய துன்பம். லென்ஸோடு குளிப்பதும் தூங்குவதும் இல்லை. 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட் கரைசலில் போட்டால் அதற்குரிய பெட்டியில் 6 மணி நேரம் கழியாமல் எடுக்கக்கூடாது. முந்தி எடுத்தால் கண் எரிந்து போகும். பெட்டியை 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கோர்னியாவுக்குள் வில் வடிவ வளையத் துண்டுகளைச் செருகிக் கூம்பைத் தட்டையாக்கும் ஒபரேஷனும் உண்டு. பிளாஸ்டிக் துண்டுக்குப் பதிலாகத் தானக் கோர்னியாவில் வெட்டிய துண்டைச் செருகும் முறையைச் சென்னையைச் சேர்ந்த சூசன் ஜேக்கப் உருவாக்கினார். லென்ஸ் தாங்க முடியாத, தழும்பு விழாத நடுத்தர நிலைக்கு இது பொருந்தும். இதற்குப் பிறகும் கண்ணாடியோ லென்ஸோ தேவைப்படும். கண்ணாடி கழற்றச் செய்யும் லேசிக் மட்டும் இந்த நோயில் கூடவே கூடாது. மெலிந்ததை மேலும் மெலிக்கும் சிகிச்சை அது.

திடீரென்று கண் வெளுத்தால்

முற்றிய கூம்பில் சிலருக்குக் கோர்னியாவின் பின்புற மெல்லிய தாள் கிழிந்து, கண்ணுக்குள்ளிருக்கும் நீர் கோர்னியாவுக்குள் ஊறும். ஓரிரு மணி நேரத்திலோ ஒரே இரவிலோ பார்வை மறைந்து, கருவிழியில் வெள்ளைப் படலம், நோவு, கூச்சம். கசக்கியதும் ஒரு காரணமாகலாம். கண் வெடித்துவிட்டது என்று வீட்டில் அலறுவார்கள். பெரும்பாலும் துளை விழுந்திருக்காது. லென்ஸைக் கழற்றி விடுங்கள், அழுத்திக் கட்டாதீர்கள், அன்றைக்கே கண் பிரிவுக்குப் போங்கள். 5 வீத உப்புச் சொட்டு மருந்து, கருமணியை விரிக்கும் மருந்து, சில இடங்களில் கண்ணுக்குள் வாயு ஏற்றுவது என்பன சிகிச்சை. 2 முதல் 4 மாதத்தில் வீக்கம் வற்றித் தழும்பு மிஞ்சும். தழும்பு நடுவைவிட்டு விலகியிருந்தால் லென்ஸோடு மறுபடி பார்க்கலாம்.

கோர்னியா மாற்று

லென்ஸால் பார்வை எடுக்க முடியாத அளவுக்குத் தழும்பு விழுந்தால், அல்லது எந்த லென்ஸும் நிற்காத அளவுக்குக் கூம்பினால் மாற்று. இலங்கைக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது: வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தானச் சங்கத்தின் மூலம் 1964 முதல் வெளிநாடுகளுக்கே கண் அனுப்பிய நாடு இது, கொழும்பில் தேசிய கண் வங்கியும் உண்டு.

பின்புறத் தாள் கிழியாதிருந்தால், முன் படைகளை மட்டும் மாற்றும் முறையைக் கேளுங்கள். பின்புற உயிரணுக்கள் சொந்தமாகவே இருப்பதால் உடல் ஒதுக்கித் தள்ளும் அபாயம் மிகக் குறைவு. முன்பு நீர் ஊறிக் கிழிந்த கண்ணுக்குப் பெரும்பாலும் முழுத்தடிப்பு மாற்றுத்தான். எதைச் செய்தாலும் முடியிலும் மெல்லிய தையல்கள் பல, பொதுவாக 16, கண்ணில் இருக்கும்; அவற்றை எடுத்துப் பார்வை நிலைக்க ஒரு வருடம், ஒன்றரை வருடம். அதற்குப் பிறகும் பலருக்கு லென்ஸ் வேண்டும். இதை ஒபரேஷனுக்கு முன்பே குடும்பத்துக்குச் சொல்லி வைத்தால் பிறகு ஏமாற்றம் இல்லை.

சிவப்பு, கூச்சம், பார்வை மங்கல், நோவு: இந்த நாலில் ஒன்று வந்து ஒரு நாளுக்குள் போகாவிட்டால் ஒதுக்கல் தொடங்கியிருக்கலாம். நேரத்தோடு ஸ்டீரொயிட் சொட்டைக் கூட்டினால் பெரும்பாலும் காப்பாற்றலாம். கிளினிக் நாள்வரை காத்திருந்தால் தானக் கோர்னியா போய்விடும். மணல் விழுந்ததுபோல உறுத்தினால் தையல் தளர்ந்திருக்கும், அதையும் அன்றைக்கே காட்டுங்கள். வெட்டுக் காயம் வாழ்நாள் முழுக்க முழுப் பலம் பெறாது. கிரிக்கெட் பந்து, மாட்டுக் கொம்பு, பிள்ளையின் கை, எதுவாயினும் ஓர் அடி அந்த ஓரத்தைப் பிளக்கலாம். எளிதில் உடையாத பொலிகாபனேற் கண்ணாடி இல்லாமல் வயலிலோ மைதானத்திலோ இறங்கக் கூடாது.

வீட்டில் ஒருவருக்கு உறுதியானதும், கூடப்பிறந்தவர்களையும், பிள்ளைகள் இருந்தால் பத்து வயதை எட்டியவர்களையும் பார்வை நன்றாக இருந்தாலும் ஒரு தடவை ஸ்கேனுக்குக் கூட்டிப் போங்கள்.